பழைய கிட்டாரின் ஃப்ரெட்போர்டு வெளுத்திருந்தால், எண்ணெய்க்கு முன் உப்பு

பாம்பனில் ஒரு சர்ச் பாடற்குழுவின் கிட்டார் போன மாதம் என் கைக்கு வந்தது. ஃப்ரெட்போர்டில், அதாவது கம்பிகளுக்கு அடியில் விரல் அழுத்தும் பலகையில், முதல் மூன்று கட்டங்களில் மரம் சாம்பல் பூத்திருந்தது; ஃப்ரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓரமெல்லாம் பச்சைக் கோடு. “கறுப்பு பாலிஷ் போட்டுக் குடுங்கண்ணே” என்றான் கொண்டுவந்த தம்பி. பாலிஷே தேவைப்படவில்லை.

முதலில் ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றுங்கள். பளபளவென்று வார்னிஷ் பூசிய வெளிர்நிற மேப்பிள் பலகை என்றால் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம். வார்னிஷ் இல்லாத ஈட்டி (ரோஸ்வுட்), கருங்காலி பலகைகளுக்குத்தான் இனி சொல்வதெல்லாம்.

வெள்ளை பனியன் துணியை ஓர் ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் அழுக்கு. மை போலக் கறுப்பாக வந்தால் வெளிர் மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அதை அழுத்தித் தேய்த்தால் இன்னும் வெளுக்கும்.

அடுத்ததுதான் நம் கரைக்கு முக்கியம். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் வீட்டுக்குள் உப்பு வந்துவிடுகிறது. விரல் வியர்வையிலும் உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். துடைக்காமல் எண்ணெய் விட்டால் உப்பு அடியிலேயே தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். எனவே துணியை நனைத்து, சொட்டே விழாதபடி முறுக்கிப் பிழிந்து, கட்டம் கட்டமாகத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் நிழலில், ஃபேன் காற்றில்.

ஃப்ரெட்டை ஒட்டிக் கெட்டியாக இருக்கும் அழுக்கைப் பழைய ஏ.டி.எம். கார்டின் முனையால் மர ரேகை போகும் திசையிலேயே சுரண்டுங்கள். கத்தி வேண்டாம். அந்தக் கிட்டாரில் சுரண்டச் சுரண்ட மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. அடியில் செம்பழுப்பு ரேகை அப்படியே இருந்தது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

பச்சைக் கோடு, செம்பில் ஏறும் களிம்பு. ஃப்ரெட் கம்பி பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. உப்புக் காற்று பட்டால் செம்பு பச்சை பூக்கும். இருபுறமும் மாஸ்கிங் டேப்பால் மரத்தை மூடிவிட்டு, உலோகம் துலக்கும் பிராஸோவில் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து, சுத்தமாகத் துடையுங்கள். ஸ்டீல் வூல் (மெல்லிய இரும்பு இழைப் பஞ்சு) போடச் சொல்வார்கள் பலர். நான் தவிர்க்கிறேன்: உதிரும் இழைகள் இங்கே சீக்கிரம் துருப்பிடித்து மரத்தில் கறை வைக்கும், எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து வாடை அடிக்கும். மெடிக்கல் கடையில் வேறு மருந்து கலக்காத லிக்விட் பாராஃபின் கேளுங்கள். முழுப் பலகைக்கும் ஏழெட்டுத் துளி போதும். துணியில் விட்டுத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். சாம்பல் நிறம் கண்ணெதிரே கறுத்து வரும். வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

இதற்குப் பிறகும் வெளுப்பாகத் தெரியும் இடம் விரல் தேய்த்த இடம். வாசிப்புக்கு அதனால் கெடுதல் இல்லை, அப்படியே விடுங்கள். நகம் விழுந்து மரம் குழிந்து, அழுத்தும்போது விரல் அதில் இறங்குகிறது என்றால் மட்டும் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஈட்டி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துச் சமன் செய்வார். ஃப்ரெட்டில் கம்பி பதிந்த பள்ளமும் அவர் வேலைதான்.

புதுக் கம்பி மாட்டியபின், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிக்கு மேலும் கீழும் ஒரு முறை இழுத்துத் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் மாட்டி வைக்காதீர்கள்.