கேப் கழன்றதா, பல் ஒடிந்ததா?

போன மாசம் ஒரு தாத்தா சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்துப் பிரித்தார். "கேப்பு கழண்டுடுச்சு ஆயி. கொஞ்சம் பசை வச்சு ஒட்டிவிடு, 12 மணி பஸ்ஸப் பிடிக்கணும்." கவிழ்த்துப் பார்த்தேன். கேப்பில், அதாவது பல்லுக்கு மேலே மாட்டும் உறையில், ஒரு கீறல் இல்லை. உள்ளே அவருடைய சொந்தப் பல்தான் ஒடிந்து, பழுப்பாக உட்கார்ந்திருந்தது.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் 19 வருஷமாக நாற்காலிக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்து நிற்கிறவள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் "எந்தக் கேப்பு நல்லது, எத்தனை வெள்ளி?" என்றுதான் கேட்பார்கள். கீழே எவ்வளவு பல் மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை.

உலக்கை நுனியில் பூண் இருக்கிறதல்லவா, கேப்பும் அதே வேலைதான் செய்கிறது. பூண் பிடிக்கக் கட்டை வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கெட்டியான பல் நிற்க வேண்டும். அது இல்லாமல் வேருக்குள் கம்பி வைத்துக் கட்டினாலும், ஒருநாள் மட்டன் எலும்பைக் கடிக்கும்போது ஒடியும். அதனால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சொத்தை, வேர், எலும்பு மூன்றையும் டாக்டர் காட்டி விளக்கட்டும்.

கேப்பு மாட்டுவதற்காகப் பல்லைச் செதுக்குவதிலும் கணக்கு உண்டு. பக்கங்கள் லேசாகச் சரிந்தால் ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளர் மாதிரி இறுகும். புனல் மாதிரி கூம்பிவிட்டால் எந்தப் பசையும் தாங்காது. கடைவாய்ப் பல் என்றால் செதுக்கிய பிறகும் 4 மில்லிமீட்டர் உயரமாவது வேண்டும். எங்கள் டாக்டர் இதற்கே வெகுநேரம் எடுப்பார். வெளியே காத்திருப்பவர்கள் முறைப்பது என்னவோ என்னைத்தான்.

பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் கேப்பு மாட்டி நடுவில் விழுந்த பல்லுக்குப் பதில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். விழுந்தது ஒரு பல், செதுக்குவதோ பக்கத்து இரண்டு பல்லை. அந்த இரண்டும் சொத்தையே இல்லாதவை என்றால், எலும்பில் திருகு பதித்துப் பல் வைக்கும் இம்பிளாண்ட் சரிவருமா, கழற்றி மாட்டும் பல் போதுமா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். தாங்கும் பற்களின் வேர்ப் பரப்பு, விழுந்த பற்களின் வேர்ப் பரப்புக்குக் குறையக்கூடாது என்று ஆண்டே என்ற பல் டாக்டர் 1926இல் ஒரு விதி சொன்னார். இன்று அதை அப்படியே பிடித்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஆடுகிற பல்லில் பிரிட்ஜ் ஏற்றக்கூடாது என்பது மாறவில்லை. இடைவெளியின் நீளமும் முக்கியம். கால்வாய்க்குக் குறுக்கே போட்ட பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் அதே பாரத்துக்கு எட்டு மடங்கு வளையும்.

கேப்பு என்ன நிறம் என்பதை, பல்லைச் செதுக்குவதற்கு முன்பே ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வாய் திறந்து காய்ந்த பல் வெளுத்துக் காட்டும். லிப்ஸ்டிக் வேண்டாம். தற்காலிகக் கேப்பு இருக்கும் நாட்களில் டோடோல் மாதிரி ஒட்டுகிற இனிப்பைத் தொடாதீர்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

நிரந்தரமாக ஒட்டிய பின் மரத்த வாய் தெளிந்ததும் கடித்துப் பாருங்கள். அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் "பழகிடும்" என்று விடாமல் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிஷம். கேப்புக்குச் சொத்தை வராது, ஆனால் அதன் விளிம்பில் உள்ள உங்கள் பல்லுக்கு வரும். பிரிட்ஜுக்கு அடியில் சாதாரண நூல் மேலிருந்து இறங்காது; முனை விறைப்பாக உள்ள சூப்பர் ஃபிளாஸ் வாங்கி, பக்கத்திலிருந்து நுழைத்து இழுங்கள்.

கழன்று விழுந்தால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். சூப்பர் குளூ மட்டும் வேண்டாம். ஒருத்தர் அப்படி ஒட்டிக்கொண்டு வந்தார், அதுவும் முன்பின்னாகத் திருப்பி.