நைட்ரோ எரிபொருளில் ஓடும் ஆர்சி (ரிமோட்) படகை மின்சாரத்துக்கு மாற்றுவது எப்படி?

எஞ்சினைக் கழற்றும் முன் படகை இரண்டு விரல்களில் தூக்கி, எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள், கடைசியில் பேட்டரியை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

எஞ்சின், டேங்க், சைலன்சர், த்ராட்டில் சர்வோ (எஞ்சின் வேகத்தை மாற்றும் சின்ன மோட்டார்) எல்லாம் வெளியே. ஸ்டியரிங் சர்வோ இருக்கட்டும். எரிபொருளில் இருந்த எண்ணெய் உள்பக்கம் முழுக்கப் படிந்திருக்கும், விரல் வைத்தாலே வழுக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துணி சுத்தமாக வரும்வரை துடைத்து, மோட்டார் மவுண்ட் ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். இதில் அவசரப்பட்டால் எப்பாக்ஸி பசை பிடிக்காது.

மோட்டாருக்கு ஒரு சின்ன கணக்கு: 4எஸ் லிப்போ (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) 14.8 வோல்ட், 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) மோட்டார் என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. பழைய ப்ரொப்பெல்லரோடு தொடங்க இது போதும், ஆனால் சில நிமிடம் ஓட்டியதும் மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியையும் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் சின்ன ப்ரொப்பெல்லர் மாட்டுங்கள். இரண்டுமே தண்ணீரில் குளிரும் வகையாக இருக்கட்டும்.

ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும், கம்பிகளை முறுக்கிச் செய்த தண்டு) சுமையில் முறுக்கிச் சுருங்கும், அதனால் ட்ரைவ் டாகுக்கு (ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) முன்னால் 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். சுழலும் திசை மாறினால் ஷாஃப்ட் பிரிந்துவிடும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரி.

அப்புறம், எஞ்சினுக்குக் காற்று போன ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடுங்கள்.