'மாக்' வந்தால் 'அட்' வேண்டாம்

'கேலி செய்தான்' என்பதை ஆங்கிலத்தில் 'மாக்' என்ற வினையால் எழுதும்போது, பின்னால் 'அட்' சேர்க்காதீர்கள். 'தே மாக்டு ஹிஸ் ஆக்சென்ட்' என்றாலே 'அவனுடைய உச்சரிப்பைக் கேலி செய்தார்கள்' என்ற பொருள் முழுமையாக வந்துவிடும். 'ரிடிக்யூல்' என்ற வினைக்கும் இதே வழிதான்.

இவை செயப்படுபொருளை நேரே ஏற்கும் வினைகள். 'உச்சரிப்பைக் கேலி செய்தார்கள்' என்பதில் 'ஐ' உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே செய்துவிடுகிறது. 'லாஃப் அட்' பழகிப்போன பழக்கத்தில்தான் வேண்டாத 'அட்' இங்கும் ஒட்டிக்கொள்கிறது.

'ஏளனம் செய்' என்ற பொருளில் வரும் 'ஸ்காஃப்', 'ஸ்னீர்' இரண்டுக்கும் இது பொருந்தாது; கேலிக்கு உள்ளானவரைச் சொல்ல அவற்றுக்கு 'அட்' கட்டாயம். 'கேலிக்கூச்சல் போடு' என்ற பொருளுள்ள 'ஜியர்', 'அட்' சேர்ந்தும் சேராமலும் வரும். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் போன்ற பழைய நூல்களில் 'மாக்' என்பதோடும் 'அட்' இருக்கும். அதை அச்சுப்பிழை என்று அடித்துவிடாதீர்கள். 'மாக் டெஸ்ட்', 'மாக் டிரில்' ஆகியவற்றில் கேலியே இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு 'பாவனையான', 'ஒத்திகையான' என்றுதான் பொருள்.