யெல்லோஸ்டோன் போறீங்களா? அருவிய விட்றாதீங்க

அமெரிக்காவுல இருக்கற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கான்னாலே எல்லாரும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ங்கற சுடுதண்ணி ஊற்று பீச்சுறத பாத்துட்டு கெளம்பிடுறாங்க, ஆனா அங்க அருவிகளும் செம்ம. லோயர் ஃபால்ஸ் 308 அடி, நயாகராவ விட உயரம். ஆர்ட்டிஸ்ட் பாயின்ட்ல இருந்து பாத்தா மஞ்சள் பாறை பள்ளத்தாக்கோட முழுசா தெரியும், அந்தப் பாறை அப்படி நிறம் மாறுனதே அடியில இருக்கற சுடுதண்ணியாலயும் ஆவியாலயும் தான். லேட்டா போனா பார்க்கிங் கெடைக்காது, காலைலயே போயிடுங்க, வெயில் சரியா விழுந்தா வானவில்லும் தெரியும். அருவி விழற விளிம்புக்கே போற ரூட்டும் இருக்கு, இறங்குறப்ப ஈஸி, ஆனா அதே 600 அடி திரும்ப ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க.

என் சாய்ஸ் ஃபேரி ஃபால்ஸ் தான். கிட்டத்தட்ட 200 அடி, மெல்லிசா விழும். போக வர 5 மைல் மாதிரி வரும், சமதளம் தான், போற வழியிலயே கொஞ்சம் மேல ஏறுனா கிராண்ட் ப்ரிஸ்மாட்டிக் சுடுநீர் ஊற்ற மேல இருந்து பாக்கலாம், ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிஞ்சுடும். ஆனா கரடி நடமாட்டத்தால மே கடைசி வரைக்கும் அந்தப் பாதைய மூடி வச்சிருப்பாங்க. பேர் ஸ்ப்ரே (கரடி நெருங்கி வந்தா அடிக்கற மிளகாய் ஸ்ப்ரே) கண்டிப்பா எடுத்துக்கோங்க.

நடக்க முடியாதவங்களுக்கு கிப்பன் ஃபால்ஸ், நாரிஸ்ல இருந்து மேடிசன் போற ரோட்டோரமே இருக்கு, காரை நிறுத்திட்டு நாலு எட்டு வச்சா போதும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் பெரும்பாலான ரோடு காருக்கு மூடிடுவாங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அத பாத்துக்கோங்க.