கடவுளுக்குப் பயப்படுவதில் நாம் விடும் பிழைகள்

இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியில் பயம் என்றதும் என் வயதுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது கடவுள் இல்லை, குண்டு போட வரும் கிபிர் விமானம். தூரத்தில் இரைச்சல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், பாய்வோம். பாய்ந்த பிறகு செபமாலை. இரைச்சல் போனதும் செபமாலையும் பாதியில் நின்றுவிடும். அப்படி வளர்ந்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து "ஆண்டவருக்கு அஞ்சி நடவுங்கள்" என்று கேட்கும்போது அவன் மனதில் எழுகிற படம் எப்படி இருக்கும்? மேலே சுற்றுகிற ஒன்று, எப்போது போடும் என்று தெரியாத ஒன்று.

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் காண்கிற பிழை இதுதான். பங்கர் பயத்தையும் வேதம் சொல்லும் பயத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். வேதத்திலும் பங்கர் பயம் உண்டு. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் சொன்னது அதுதான்: "பயந்து, ஒளித்துக்கொண்டேன்." அதை ஞானம் என்று யாரும் புகழவில்லை. சீனாய் மலையில் இடியும் புகையுமாக இருந்தபோது மோசே சொன்னதைப் பாருங்கள் (யாத்திராகமம் 20:20). "பயப்படாதிருங்கள்" என்று தொடங்கி, நீங்கள் பாவம் செய்யாதபடி தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருப்பதற்காகவே அவர் வந்தார் என்று முடிக்கிறார். ஒரே வசனத்தில் ஒரு பயத்தை வெளியே போகச் சொல்லி, இன்னொன்றை உள்ளே கூப்பிடுகிறார்.

உள்ளே வரச் சொன்ன அந்தப் பயம் எப்படிப்பட்டது? 130ஆம் சங்கீதம் ஒரு வரியில் சொல்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." முதல்முறை வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். மன்னிப்பு இருந்தால் பயம் போக வேண்டும் அல்லவா? இங்கே மன்னிப்பிலிருந்துதான் பயம் பிறக்கிறது.

ஒருமுறை விதைப்பு நேரத்தில் அயலவரின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினை இரவல் வாங்கி, வரம்பில் ஏற்றிப் புரட்டிவிட்டேன். நல்ல ஏச்சு விழும் என்று நினைத்துப் போனேன். மனிசன் சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கு அடி ஒண்டும் படேல்லையே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த போகத்துக்கும் அவரே தந்தார். அதன் பிறகு அந்த மெசினை நான் பிடித்த கவனம் சொந்த மெசின் என்றாலும் வந்திருக்காது. ஏச்சுக்குப் பயந்து வந்த கவனம் இல்லை அது. அந்த மனிசனின் முகம் வாடக்கூடாது என்ற கவனம். சங்கீதக்காரன் சொல்கிற பயம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த பிழை, யோவானின் முதலாம் நிருபத்தில் ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" (4:18). சரி, அப்படியானால் பயமே தேவையில்லை என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் 19ஆம் சங்கீதம் கர்த்தருக்குப் பயப்படுகிற பயம் "என்றைக்கும் நிலைக்கிறது" என்கிறதே? ஒன்று துரத்தச் சொல்கிறது, மற்றது நிலைக்கும் என்கிறது. சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் இந்த நிருபத்துக்கு விளக்கவுரை நிகழ்த்தியபோது இதே முடிச்சைத்தான் அவிழ்த்தார். கணவனுக்குப் பயப்படுகிற இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னார். துரோகம் செய்கிறவள், அவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். அன்புள்ளவள், அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். முதல் பயத்தை அன்பு வெளியே தள்ளும். இரண்டாவது அன்போடு சேர்ந்தே நிற்கும்.

அதே உரையில் ஊசியையும் நூலையும் பற்றிச் சொன்னார். துணிக்குள் முதலில் போவது ஊசி. ஆனால் ஊசி வெளியே வந்தால்தான் நூல் உள்ளே போகும். தண்டனைப் பயம் ஊசி, அன்பு நூல். என் மனைவி தையல் மெசினில் இருந்தபடியே இதைக் கேட்டுவிட்டு, "ஊசியைத் துணியிலேயே விட்டால் போடுகிற ஆளுக்குத்தான் குத்தும்" என்றாள். அகுஸ்தினாருக்கு இது பிடித்திருக்கும்.

பின்னாளில் தோமா அக்குவினாஸ் இவற்றை அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிரித்தார். மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில் கட்டளைகளின் விளக்கங்கள் "நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும்" என்ற கருத்தோடுதான் தொடங்குகின்றன. நான் கத்தோலிக்கன், மனைவி புரொட்டஸ்தாந்து சபையில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள், ஒன்றில் "அச்சம்", மற்றதில் "பயம்". இந்த விசயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. "பயம் என்றால் வெறும் மரியாதைதான்" என்று தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுவது. மரியாதையை நாம் கிராம சேவகருக்கும் கொடுக்கிறோம். எபிரேயர் 12இல் வருவது அதைவிடக் கனமானது: "பயத்தோடும் பக்தியோடும்" ஆராதனை செய்யுங்கள், நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறார். தமிழில் இதற்கென்றே பயபக்தி என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் ஒட்டியே வைத்திருக்கிறோம், பிரித்துப் பார்த்துத்தான் குழம்புகிறோம்.

குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் இல்லாமல் வன்னியில் சோறு இல்லை. நிறைந்து கிடந்தால் பின்னேரம் குளக்கட்டில் போய் நின்று பார்ப்பதே ஒரு சந்தோசம். ஆனால் வான் பாயும்போது, நிறைந்த தண்ணீர் வழிந்து ஓடும்போது, அதற்குள் இறங்கி விளையாட யாருக்கும் துணிவு வராது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது நாங்கள் பார்த்தோமே, அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் வருகிறது. ஒன்று, குளத்துக்கு எங்களைத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும். அந்த இடத்தில் இந்த உவமை உடைந்துவிடுகிறது.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் பயத்துக்கு, புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்புக்கு என்று பங்கு பிரிப்பது இன்னொரு பிழை. உபாகமம் 10:12 பயப்படு, அன்புகூரு என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. மத்தேயு 10இல் இயேசுவே, ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்கிறார். மூன்று வசனம் தள்ளி, அடைக்கலான் குருவிகளைக் காட்டி, பயப்படாதிருங்கள் என்கிறார்.

இனி வருவது எங்கள் மண்ணில் ஆழமாகக் குத்தியிருக்கிற முள். 2004 மார்கழி 26, ஒரு ஞாயிறு காலை, முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறியது. ஐந்து வருசத்துக்குள் முள்ளிவாய்க்கால். அதன் பிறகு எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், "இது கடவுள் தந்த தண்டனை, இனியாவது பயப்படுங்கள்" என்று. இயேசுவின் முன்னும் இப்படி ஒரு பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சுட்டி, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13). பிறகு மனந்திரும்பச் சொன்னார், உண்மைதான். அதை உயிரோடு நின்றவர்களுக்குச் சொன்னார். செத்தவர்களின் தலையில் குற்றத்தைக் கட்டவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் தண்டனைக் கதை சொல்கிறவர் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம்.

நேர்த்திக்கடன் விசயத்திலும் இதே பயம் வேறு வேசத்தில் வரும். என் அம்மம்மா ஒவ்வொரு ஆடித் திருவிழாவுக்கும் மடு மாதா கோயிலுக்கு வருவதாக நேர்ந்தவர். 2008இல் பாதை இல்லை, மடு சண்டைக்குள். "மாதாவுக்குச் சொன்ன சொல்லு தவறினா சும்மா விடுவாவோ?" என்று சாப்பாடு இறங்காமல் இருந்தார். அந்தச் சித்திரையில் மடு மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுவாமியார் வந்து சொன்னார்: "அம்மா, மாதாவே எங்களைப் போல இடம்பெயர்ந்து போய் இருக்கிறா. நீங்கள் வரேல்லை எண்டு எங்க இருந்து கோவிக்கிறது?" அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவவுக்கு அங்க கொட்டிலாவது இருக்கோ?" என்று கேட்டார். பயம் அந்த இடத்தில் கவலையாக மாறிவிட்டது.

நேர்த்தி விளையாட்டு இல்லை, நேர்ந்ததைச் செலுத்து என்று வேதத்தில் பிரசங்கி புத்தகமும் சொல்கிறது. ஆனால் செய்ய முடியாத நேர்த்தியிலிருந்து விடுவிக்கவும், அதை வேறொரு நற்செயலாக மாற்றவும் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு. பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ கேட்கலாம். பயந்துகொண்டு படுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளிடம் "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லாதீர்கள்.

கடைசியாக, ஆளுக்குப் பயப்படுவதைக் கடவுளுக்குப் பயப்படுவதாக எண்ணிக்கொள்வது. ஒரு செபக் கூட்டத்தில் ஒருவர், தன் கூட்டத்தை விட்டுப் போனால் பிள்ளைகளுக்கு வருத்தம் வரும் என்று மேடையிலேயே சொன்னார். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் தலை குனிந்து காணிக்கை போட்டார்கள். உண்மையான பயம் நேர் எதிராக வேலை செய்யும். எகிப்தில் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னபோது சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் "தேவனுக்குப் பயந்ததினால்" ராஜாவின் கட்டளையைச் செய்யவில்லை. அந்தப் பயம் இருந்ததால் பார்வோனின் பயம் விட்டுப்போனது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 தையில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் உட்கார்ந்து, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வாய் திறக்கவே ஊர் பயந்த காலம் அது. அந்தத் துணிவை நான் மருத்துவச்சிகளின் வரிசையில்தான் வைக்கிறேன்.

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து மீளக் குடியேறிய பிறகு, 2010 ஆவணியில் அம்மம்மாவை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் குரல் தானாகத் தாழ்ந்தது. நற்கருணைப் பேழைக்கு முன் முழங்காலிட ஏலாத முழங்காலை என் தோளைப் பிடித்து மடித்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டார். அப்புறம் மெல்லச் சுவரோரம் போய் இருந்து, காலை நீட்டி, தொலைந்துபோன பசு மாட்டில் தொடங்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆண்டவருக்குச் சொல்லத் தொடங்கினார்.