பனிமலைக்குக் கூட்டமாகப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

வன்னியிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து நேபாளத்துக்குப் பனிமலை ஏற வெளிக்கிட்டால், முதலில் விடுகிற பிழை உடம்புப் பலத்தை நம்புவது. நெல் மூட்டை தூக்கின தோளும் பந்தடித்த காலும் நல்லதுதான், ஆனால் உயரத்துக்கு அது கணக்கில்லை. நாங்கள் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிற ஆட்கள். இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் லுக்லாவே அதைவிட உயரம். 5,500 மீற்றரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிதான், ஒரு மூச்சில் கிடைக்கிற ஒட்சிசனும் பாதிதான். உடம்பு அதற்கு மெல்ல மெல்லத்தான் பழகும். அதனால் 3,000 மீற்றர் தாண்டினால், இரவு படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருக்கா ஓய்வும் வேண்டும். லீவு முடியப் போகுது என்று முதலில் வெட்டுவதே அந்த ஓய்வு நாளைத்தான்.

அடுத்தது வெட்கம், கூட்டமாகப் போவதில் உள்ள பெரிய சிக்கலே இதுதான். ஒருவனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலையிடி, இரவுச் சாப்பாடு இறங்கவில்லை, கேட்டால் "ஒண்டுமில்லை மச்சான்" என்று இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மேலே நடப்பான், ஏனென்றால் தன்னால் எல்லாருடைய பயணமும் கெடக் கூடாதாம். அதனால் தலைவராக இருப்பவர் காலையில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், சபையில் கேட்டால் உண்மை வராது. சந்தேகமென்றால் நிலத்தில் ஒரு கோடு கீறி, முன்வைக்கிற காலின் குதி மற்றக் காலின் விரல் நுனியைத் தொடுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். வெறியில் நிற்பவன்போலத் தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோர்த்திருக்கலாம். விடியட்டும் பார்ப்போம் என்ற கதையே வேண்டாம், அந்த நேரமே கீழே இறக்குங்கள், துணைக்கு ஆள் அனுப்பாமல் தனியே விடவும் கூடாது.

பனியாற்றில், அதாவது மலையில் மெல்ல நகர்கிற பெரிய பனிக்கட்டிப் பரப்பில், புதுப்பனி மூடியிருந்தால் கீழே உள்ள வெடிப்புத் தெரியாது. அதற்குத்தான் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பது. ஆனால் படம் எடுக்க, பிஸ்கற் பிரிக்க என்று எல்லாரும் ஓரிடத்தில் கூடினால் கயிறு கட்டியும் பிரயோசனமில்லை: முன்னால் போகிறவர் விழுந்தால் தளர்ந்து கிடக்கிற கயிறு இறுகுவதற்குள் அவர் பல மீற்றர் கீழே போயிருப்பார், அந்த இழுவையில் மற்றவர்களும் சறுக்குவார்கள். ஆளுக்கு ஆள் 10 மீற்றராவது தள்ளி, கயிறு பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க நடவுங்கள், கையில் சுருட்டிப் பிடிக்காதீர்கள். வெயில் ஏறினால் வெடிப்பை மூடியிருக்கிற பனி இளகிவிடும், நள்ளிரவு தாண்டியதும் வெளிக்கிடுவது அதனால்தான்.

வெயில் எங்களுக்குப் பழக்கம் என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். புதுப்பனி தெறிக்கவிடும் வெளிச்சம் கண்ணைச் சுடும், அது அப்போது தெரியாது, பின்னேரம் கண்ணுக்குள் மண் போட்டதுபோல் உறுத்தும்போதுதான் தெரியும். பருத்தி உடுப்பும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. புதுச் சப்பாத்தை மலையில் போட்டுப் பார்க்காமல் அதோடு ஒருதரம் சிவனொளிபாதமலை ஏறி இறங்குங்கள், குளக்கட்டில் நடந்தால் இறக்கம் பழகாது.

ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றால் நாங்கள் வயலை நினைப்போம். இமயமலையில் நிற்பவரும் அதைக் கவனிக்க வேண்டும். 2014 ஒக்டோபரில் ஹுட்ஹுட் புயல் ஆந்திராவில் கரையேறி, அதன் மிச்சம் இரண்டு நாளில் நேபாளத்தில் பனிப்புயலாகக் கொட்டி, 5,416 மீற்றர் உயரமான தொரோங் லா கணவாயையும் சுற்றுவட்டாரத்தையும் மூடியது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

திரும்புகிற நேரத்தை முதல்நாளே முடிவெடுத்து வையுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும். 2016 இல் இலங்கையரில் முதல் ஆளாக ஜெயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் ஏறியபோது கூடப் போன யொஹான் பீரிஸ் உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பினார், 2018 இல் மறுபடி போய் ஏறினார். கடைசியாகக் காப்புறுதி: மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காமல், நீங்கள் போகிற உயரமும் ஹெலியில் இறக்குகிற செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள்.