தனியாகக் கடல் கடப்பவர்கள் துணிச்சல் என்று எண்ணிச் செய்யும் தவறுகள்

தனியொருவராகப் பாய்மரப் படகு செலுத்தி நெடுங்கடல் பந்தயங்களுக்குப் போக விரும்பும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சியில் உதவி வருகிறேன். தொடக்கத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. மிதவை அங்கி அணியாதது, வானிலை அறிக்கையைப் படிக்காதது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழித்திருப்பதை வீரம் என்று எண்ணுவது

பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புறப்படும் வாந்தே குளோப் பந்தயத்தில், எங்கும் நிற்காமலும் எவருடைய கைத்துணையும் இல்லாமலும் உலகைச் சுற்றிவர வேண்டும். 2024-25 பந்தயத்தில் வென்ற சார்லி டாலினுக்கே அதற்கு 64 நாட்களுக்கு மேல் ஆயின. இத்தனை நாட்களை எவராலும் விழித்தே கழிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புதியவர்கள் ஒவ்வொருவரும், 'கரையோரத்தில் கப்பல் நடமாட்டம் அதிகம், முதல் இரண்டு இரவுகளை மட்டும் கண்விழித்துக் கடந்துவிட்டு அப்புறம் தூங்கிக்கொள்கிறேன்' என்றே திட்டம் போடுகிறார்கள்.

அண்மையில் ஓர் இளைஞர் இரண்டு இரவுத் தனிப்பயணம் முடித்துத் திரும்பி, கண்ணை மூடவே இல்லை என்று பெருமையோடு சொன்னபோது படகுத்துறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவருடைய பயணக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் இரவின் பக்கத்தில் ஒரே அட்சரேகை அளவு மூன்று மணி நேரங்களுக்கு எதிரே மாற்றமின்றி எழுதப்பட்டிருந்தது. காற்றின் திசை வடகிழக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் தென்மேற்கு என்று இருந்தது. வின்ச்சில், அதாவது பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில், கயிறு ஒரு சுற்றின்மேல் மறு சுற்று ஏறி இறுகிக்கொண்டதையும், அதை எப்படி விடுவிப்பது என்று தெரியாமல் டார்ச்சை அடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றதையும் அவரே சொன்னார். கைக்குப் பழகிப்போன வேலை அது. தூக்கமிழந்தவரிடமிருந்து முதலில் போவது உடல் வலு அன்று, தீர்மானிக்கும் திறன். அது போய்விட்டது என்பதை அறியும் திறனும் கூடவே போய்விடுவதுதான் ஆபத்து. அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கரையை விட்டுப் புறப்பட்ட முதல் நாள் பிற்பகலிலேயே, களைப்பு தெரிவதற்கு முன்பே, தூக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். கப்பல்கள் நடமாடும் கடலில் ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் படுக்கலாம். எதிரே 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் சரக்குக் கப்பலும் 5 நாட் வேகத்தில் போகும் நம் சிறு படகும் மணிக்கு 25 கடல் மைல் வீதம் நெருங்குகின்றன. எட்டு மைல் தொலைவில் விளக்கு தெரியத் தொடங்கிய கப்பல் பத்தொன்பது நிமிடங்களில் நம் மேல் நிற்கும். விரைவுப் படகுகளுக்கு அந்த அவகாசமும் இல்லை. ஆளரவமற்ற தென்கடலுக்குப் போனபின் ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீட்டிக்கொள்ளலாம்.

கருவிகள் எழுப்பிவிடும் என்று நம்பி உடலைக் கடைசிவரை பிழிவதும் இதே தவற்றின் இன்னொரு முகம். 2021 ஜனவரி 27 அன்று, வாந்தே குளோப் பந்தயத்தில் முன்னணியில் வந்துகொண்டிருந்த போரிஸ் ஹெர்மான், இலக்குக்கு ஏறத்தாழ 90 மைல் இருக்கையில், பிஸ்கே விரிகுடாவில் ஒரு மீன்பிடிக் கப்பலில் மோதினார். அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எச்சரிக்கைக் கருவிகள் எதுவும் ஒலிக்கவில்லை என்று பின்னர் சொன்னார். பழுதான படகோடு கரைசேர்ந்த அவருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. மீன்பிடி படகுகள் நெருங்கும் கரைப்பகுதியில் விழித்திருக்க வேண்டுமானால், அதற்கான தூக்கத்தை முந்தைய நாட்களிலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

பாயைச் சுருக்கத் தாமதிப்பது

காற்று வலுக்கும்போது, பாயின் பரப்பைச் சுருக்கலாமா என்று தோன்றிய கணமே சுருக்குங்கள்.

அடுத்தவருடைய வேகத்துக்கு ஓடுவது

தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் 1968-69 கோல்டன் குளோப் பந்தயத்தில் புறப்பட்ட ஒன்பது பேரில், பம்பாயில் கட்டப்பட்ட சுஹைலி என்ற தேக்குமரப் படகில் 312 நாட்கள் பயணித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தாம் பந்தயத்தை முடித்தார். நைஜல் டெட்லியும் முடித்திருக்கக்கூடும். அவர் உலகைச் சுற்றி, தாம் போன வழித்தடத்தையே மறுபடி கடந்துவிட்டிருந்தார்; படகு பழுதுபட்டிருந்தும், டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் பின்னால் நெருங்கி வருகிறார் என்ற செய்தியை நம்பி வேகத்தைக் கூட்டினார். க்ரோஹர்ஸ்டோ அட்லாண்டிக்கை விட்டே வெளியேறாமல் பொய்யான இருப்பிடங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். 1969 மே மாதம், இலக்குக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல் இருக்கையில் டெட்லியின் படகு உடைந்து மூழ்கியது; அவர் உயிர்காப்புத் தெப்பத்திலிருந்து மீட்கப்பட்டார். போட்டியாளர்களின் நிலையைப் பார்க்காதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைப் பார்த்தபின், உங்கள் பாய்மரத்தையும் இணைப்புகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பாதுகாப்புக் கயிற்றை மாட்டாமல் மேல்தளத்துக்குப் போவது

பகலிலும் அப்படிப் போக வேண்டாம், அலையற்ற கடலிலும் போக வேண்டாம். நீங்கள் விழுந்தாலும் தானியங்கிச் சுக்கான் படகை ஓட்டிக்கொண்டேதான் இருக்கும்.

படகின் அடிப்பக்கத்தை மறப்பது

2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில் வெற்றியாளர் 211 நாட்களில் வந்து சேர, அடிப்பக்கத்தில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிரிகள் படிந்து வேகமிழந்த தாபியோ லெஹ்தினனுக்கு 322 நாட்கள் ஆயின.

உதவி கேட்கக் கூச்சப்படுவது

அதே பந்தயத்தில், 2018 செப்டம்பரில், இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தெற்கு இந்தியப் பெருங்கடலில் புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடிபட்ட அவர், தம் நிலையை ஒளிக்காமல், எழ முடியவில்லை என்று செயற்கைக்கோள் வழியே தெரிவித்துவிட்டுப் படுக்கையிலேயே காத்திருந்தார். மூன்றாம் நாள் ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே மனிதர் 2022-23 பந்தயத்தில் 236 நாட்கள் பயணித்து இரண்டாம் இடம் பெற்றார். புதியவர்கள் அவசரப் பையை அறைவாயிலில் கட்டிவைப்பதே வழக்கம். அங்கேயும் ஒன்று இருக்கட்டும். ஆனால் செய்தி அனுப்பும் கருவி ஒன்றையும் ஒரு புட்டி தண்ணீரையும் படுக்கையிலிருந்து கையெட்டும் தூரத்தில் வையுங்கள். புறப்படுவதற்கு முன், விளக்கை அணைத்துவிட்டு, மல்லாந்து படுத்தபடியே ஒற்றைக் கையால் அந்தக் கருவியை எடுத்துச் செய்தி அனுப்பிப் பழகுங்கள்.